கூப்பிடாமலே வரும் ரிப்பேர்காரர்: ஒரு ரிவ்யூ

காசு கொடுத்து வாங்காத எதற்கும் ரிவ்யூ எழுதுவதில்லை என்பது என் வழக்கம். இந்த ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. இதை யாரும் கடையில் போய்க் கேட்டு வாங்குவதில்லை, வரி கட்டுகிற ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ இதற்குச் சந்தாதாரர்தான். சேவையின் பெயர் அயல்நாட்டுத் தலையீடு. வேறொரு நாட்டில் ஆட்சி சரியில்லை, ஆள் சரியில்லை, போகிற போக்கு சரியில்லை என்று ஓர் அரசு தானாகவே முடிவு செய்து, படையையோ விமானத்தையோ பெட்டி நிறையப் பணத்தோடு ஓர் உளவாளியையோ அனுப்பி, அந்த நாட்டைப் பழுது பார்த்துக் கொடுப்பதாகச் சொல்வது. பெரிய நாடுகள் அநேகமாக எல்லாமே இந்தத் தொழிலில் இருக்கின்றன. அமெரிக்காவுக்குக் கிளைகள் அதிகம். சோவியத் யூனியன் ஒரு காலத்தில் கடும் போட்டி கொடுத்தது, இப்போது ரஷ்யா அந்தப் பெயர்ப்பலகையை மாட்டியிருக்கிறது. பிரிட்டனும் பிரான்சும் பழைய கம்பெனிகள். இந்தியாவும் இரண்டொரு முறை இறங்கிப் பார்த்திருக்கிறது.

நீட்டி முழக்காமல் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். அந்த ஒன்று எதற்கு என்பது கடைசியில்.

இவ்வளவு மட்டமான சேவை எப்படி இத்தனை வருடமாக ஓடுகிறது என்று யோசித்தால் விடை ரொம்பச் சுலபம். சாதாரணமாக ஒரு பொருள் மோசம் என்றால் வாங்கியவர் திட்டுவார், நாலு பேரிடம் சொல்வார், கூட்டம் குறையும், கடைக்காரர் ஒன்று திருந்துவார் அல்லது கடையை மூடுவார். இங்கே ஆர்டர் செய்கிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர், டெலிவரி போய் விழுவது மூன்றாவது ஆளின் கூரை மேல். ஆர்டர் செய்த தலைவர் நாலைந்து வருடத்தில் பதவி முடிந்து நினைவுக் குறிப்புகள் எழுத உட்கார்ந்துவிடுவார். பில்லோ வட்டியோடு இருபது முப்பது வருடம் தவணை தவணையாக வரும், அதைக் கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆர்டர் போட்டபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். டெலிவரி வாங்கியவருக்கு ரேட்டிங் போடப் பொத்தானே கிடையாது. அதனால் இந்த ரிவ்யூவில் என்னால் முடிந்தவரை அந்த மூன்றாவது ஆளின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

பேக்கிங்கைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. 1989-ல் பனாமாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்ததற்குப் பெயர் 'நியாயமான காரணம்'. 2001-ல் ஆப்கானிஸ்தானுக்கு முதலில் 'எல்லையற்ற நீதி' என்று வைத்தார்கள், அப்புறம் எல்லையற்ற நீதி இறைவனுக்கே உரியது என்று முஸ்லிம்கள் வருத்தப்படுவார்கள் எனத் தெரிந்து 'நீடித்த சுதந்திரம்' என்று லேபிளை மாற்றி ஒட்டினார்கள். 2015 மார்ச்சில் சவுதி அரேபியா தலைமையில் யேமன் மீது தொடங்கிய 'தீர்க்கமான புயல்', நாலு வாரம்கூட ஆகாத நிலையில் குறிக்கோளை அடைந்துவிட்டது என்று முடிக்கப்பட்டு, மறுநாளே வேறு பெயரில் தொடர்ந்தது. யாரை எதிர்த்துப் போனார்களோ அந்த ஹூதி கிளர்ச்சியாளர்கள் இன்னமும் தலைநகர் சனாவில்தான் இருக்கிறார்கள். ரஷ்யா 2022-ல் உக்ரைனுக்குள் அனுப்பியது 'சிறப்பு ராணுவ நடவடிக்கை'. அதைப் போர் என்று சொன்ன சொந்த நாட்டுக்காரர்கள் மீதே வழக்குப் பாய்ந்தது. லேபிளைப் படித்தாலே கோபித்துக்கொள்கிற கம்பெனியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். இந்தச் சேவைக்குச் சந்தை பிடித்துக் கொடுத்த மாடல் 1953-ன் இரான். அந்த நாட்டு எண்ணெயை எடுத்து விற்றுக்கொண்டிருந்தது ஒரு பிரிட்டிஷ் கம்பெனி. 1951-ல் பிரதமரான மொசாதேக் எண்ணெயை நாட்டுடைமையாக்கினார், பிரிட்டன் கொதித்தது, கடைசியில் அமெரிக்காவின் சி.ஐ.ஏ.வும் பிரிட்டிஷ் உளவுத்துறையும் கைகோத்து அவரை இறக்கத் திட்டம் போட்டன. ஆகஸ்ட் மாத நடுவில் செய்த முதல் முயற்சி படுதோல்வி, மன்னர் ஷா பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டே பறந்துவிட்டார். நாலு நாளில் இரண்டாவது முயற்சி ஜெயித்தது. ஒரு படைப்பிரிவைக்கூட அனுப்பாமல், கூலிக் கூட்டம், விலைக்கு வாங்கிய பத்திரிகைகள், சில தளபதிகள் என்று சொற்பச் செலவில் ஒரு நாட்டின் ஆட்சியே கைமாறிவிட்டது. என்னைக் கேட்டால் அது அப்போதே தோற்றிருந்தால் உலகத்துக்குப் பெரிய லாபம். மலிவாக முடிந்த அந்த வேலையைப் பார்த்துத்தான் மறு வருடமே குவாத்தமாலாவில் அதிபர் ஆர்பென்ஸை இறக்கினார்கள். அங்கே பின்னால் வந்த உள்நாட்டுப் போர் 1960 முதல் 1996 வரை 36 வருடம் எரிந்து, ஏறத்தாழ 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

இரானின் பில் 26 வருடம் கழித்து வந்தது. 1979-ல் ஷாவை விரட்டிய புரட்சி, நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது, 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகள். தூதரகத்தை மாணவர்கள் பிடித்ததற்கு அவர்களே சொன்ன காரணங்களில் ஒன்று, ஷாவை மறுபடி 1953 போல உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். நாம் மறந்துவிட்ட ரசீதை அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1980 ஏப்ரலில் கமாண்டோக்களை அனுப்பி மீட்கப் பார்த்தார்கள், பாலைவனத்தில் சொந்த ஹெலிகாப்டரே சொந்த விமானத்தில் மோதி 8 பேர் இறந்தார்கள். கடைசியில் கைதிகளை வெளியே கொண்டு வந்தது யார்? அல்ஜீரியா. ஒரு குண்டுகூடச் சுடாமல், இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து பேசி 1981 ஜனவரியில் முடித்துக் கொடுத்தது. 1953-ல் தனக்கிருந்த பங்கை சி.ஐ.ஏ. தன் ஆவணத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 60 வருடம் கழித்து வருகிற வாடிக்கையாளர் சேவை.

எஸ்டிமேட் விஷயத்தில் இவர்களை நம்பவே கூடாது. இராக் ஒன்று போதும். 2002 செப்டம்பரில் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்று ஒரு பத்திரிகையிடம் சொன்னார். டிசம்பரில் அவர் வேலையில் இல்லை. 2003 பிப்ரவரியில் தரைப்படைத் தலைவர் ஷின்செகி, ஆட்சி விழுந்த பிறகு நாட்டைக் காபந்து பண்ணச் சில லட்சம் வீரர்கள் வேண்டும் என்றார், பாதுகாப்புத் துறையின் இரண்டாம் இடத்தில் இருந்தவர் இரண்டே நாளில் அது தப்புக் கணக்கு என்று பொதுவெளியில் மட்டம் தட்டினார். ஏப்ரலில் இன்னோர் உயர் அதிகாரி டிவியில் வந்து, மறுசீரமைப்புக்கு அமெரிக்க மக்கள் 170 கோடி டாலர் கொடுத்தால் போதும், மீதியை மற்றவர்களும் இராக்கின் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும் என்றார். மறுசீரமைப்புக்கு மட்டும் அமெரிக்கா ஒதுக்கியது 6,000 கோடி டாலர். மொத்தப் போரின் செலவு, வேலை போன லிண்ட்சேயின் உச்சக் கணக்கையே பல மடங்கு தாண்டியது. அதிகமாகச் சொல்கிறார் என்று அனுப்பப்பட்ட மனிதர் உண்மையில் குறைத்துச் சொல்லியிருக்கிறார்.

பழுது என்று அவர்கள் காட்டிய இடத்தில் பழுதே இல்லை என்பது வேறு விஷயம். பேரழிவு ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வந்த வேகத்தில் செய்த வேலையைப் பாருங்கள். 2003 மே 16-ல் ஆணை எண் 1: சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்மட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அரசு வேலை கிடையாது. கட்சியில் சேராமல் பதவி உயர்வே கிடைக்காத நாட்டில், ஆசிரியர்களும் மருத்துவர்களும் இன்ஜினியர்களும் அதில் அடிபட்டுப் போனார்கள். மே 23-ல் ஆணை எண் 2: ராணுவம் கலைப்பு. லட்சக்கணக்கான ஆண்கள், கையில் சம்பளம் இல்லை, ஆயுதப் பயிற்சி உண்டு, அவமானம் உண்டு. இது எங்கே போய் முடியும் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை. 2014 ஜூனில் மோசூல் நகரைப் பிடித்த ஐ.எஸ். அமைப்பின் தளபதிகளில் பழைய இராக் ராணுவ அதிகாரிகள் பலர் இருந்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்று சொல்வோமே, இங்கே பூதத்துக்குச் சீருடையும் பயிற்சியும் ஏற்கெனவே இருந்தது. பிரிட்டனில் இதை விசாரித்த சில்காட் குழு 7 வருடம் எடுத்து 2016-ல் கொடுத்த அறிக்கை சுமார் 26 லட்சம் சொற்கள். ஒரு சேவைக்கு எழுதப்பட்ட மிக நீளமான மோசமான ரிவ்யூ அதுவாகத்தான் இருக்கும். யார் மீதும் ஒரு வழக்கும் வரவில்லை, அது வேறு கதை.

"நாங்களா போகவில்லை, அவர்களே அழைத்தார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு நான் எப்போதும் காட்டுவது ஹபிசுல்லா அமீனை. ஆப்கானிஸ்தானின் அதிபர், கம்யூனிஸ்ட், சோவியத் படை வேண்டும் என்று பலமுறை நிஜமாகவே கேட்டவர். 1979 டிசம்பர் 27 அன்று அவர் சாப்பாட்டில் சோவியத் உளவுத்துறை ஏற்பாட்டில் விஷம் கலக்கப்பட்டது. விவரம் தெரியாத சோவியத் மருத்துவர்கள் ஓடி வந்து அவரைக் காப்பாற்றினார்கள். அன்று மாலையே சோவியத் கமாண்டோக்கள் அரண்மனைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். அப்புறம் ஆப்கான் அரசு கேட்டுக்கொண்டதால்தான் வந்தோம் என்று அறிக்கை. அழைத்த வாடிக்கையாளரையே முதல் வாரத்திலேயே தீர்த்துக்கட்டிய சேவையை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. 'வரையறுக்கப்பட்ட படைப்பிரிவு' என்று பெயர் வைத்துக்கொண்டு போனவர்கள் ஒன்பது வருடத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு, ஏறத்தாழ 15,000 வீரர்களை இழந்து, 1989 பிப்ரவரி 15-ல் பாலத்தைத் தாண்டி ஊர் திரும்பினார்கள்.

அதே வீட்டுக்கு 2001-ல் போட்டிக் கம்பெனி வந்தது. நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு அல்கொய்தாவைத் தேடிப் போனதை நான் குறை சொல்ல மாட்டேன், அடித்தவனைத் தேடிப் போவது வேறு. ஆனால் அது சீக்கிரமே ஒரு நாட்டையே புதிதாகக் கட்டித் தருகிற ஒப்பந்தமாக மாறிவிட்டது. உதிரிபாகங்களின் லட்சணத்துக்கு இரண்டு உதாரணம் தருகிறேன், இரண்டும் அமெரிக்க அரசே நியமித்த தணிக்கை அலுவலகம் கண்டுபிடித்தவை. ஆப்கான் ராணுவத்துக்கு வாங்கிய சீருடையில் அடர்ந்த காட்டில் ஒளிந்துகொள்வதற்கான பச்சை வடிவம். அந்த நாட்டில் காடு 2 சதவீதம்தான். இணையத்தில் பார்த்து அமைச்சருக்குப் பிடித்துப்போனது என்பதால் காப்புரிமை உள்ள அந்த வடிவத்தையே வாங்கியதில் வீணானது 2.8 கோடி டாலர் வரை. இன்னொன்று, 54.9 கோடி டாலர் செலவு செய்த 20 சரக்கு விமானங்கள். உதிரிபாகம் கிடைக்காமல் காபூலில் நின்றுபோன 16 விமானங்களைக் காயலான் கடைக்குப் போட்டதில் கிடைத்தது சுமார் 40,000 டாலர். இருபது வருடம் இப்படியே ஓடியது. தாலிபான் ஆட்சியில் இருந்தபோது தொடங்கிய வேலை, 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள் நடந்து வந்ததோடு முடிந்தது.

இவ்வளவும் படித்துவிட்டு "அவர்களுக்கு அந்த ஊர் மொழி தெரியாது, பழக்கம் தெரியாது, அதனால்தான் தோற்றார்கள், தெரிந்தவர்கள் போயிருந்தால் சரியாக இருந்திருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். தமிழில் எழுதிக்கொண்டு இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது. மொழியும் உறவும் தூரமும் எல்லாமே சாதகமாக இருந்த ஒரு தலையீடு நடந்திருக்கிறது, 1987-ல், இலங்கையில், இந்தியா செய்தது. 1983-க்குப் பிறகு தமிழ் இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான். 1987 ஜூன் 4-ல் யாழ்ப்பாணத்தின் மேல் விமானத்திலிருந்து நிவாரணப் பொருட்களைப் போட்டார்கள், 'பூமாலை' என்று அதற்குப் பெயர். ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது வரிசையில் நின்ற ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தார். முதல் பயனர் கருத்து அன்றைக்கே வந்துவிட்டது, யாரும் படிக்கவில்லை.

அமைதிப்படை என்று பெயர். இரண்டு தரப்புக்கும் நடுவில் நின்று ஆயுதங்களை வாங்கி வைப்பதுதான் வேலை. யாழ்ப்பாணத்தில் சனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். இரண்டரை மாதம் ஆகவில்லை, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் அதே படை புலிகளோடு முழுப் போரில் இறங்கியிருந்தது. புலிகளின் தலைமையைப் பிடிக்கலாம் என்று இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்துப்போனார்கள், ஒருவர் பிடிபட்டார். அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் அந்தப் படை சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், படுக்கையில் இருந்த நோயாளிகள் எனப் பல பத்துப் பேர் இறந்தார்கள். மாலை போட்ட சனம்தான் அந்த ஆஸ்பத்திரியிலும் இருந்தது. அந்த வீரர்களில் பலர், எதற்காக வந்தோம், யாரோடு சண்டை போடுகிறோம் என்று விளங்காமலே செத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருடத்துக்குள் சுமார் 1,200 இந்திய வீரர்கள்.

இதில் எனக்கு எப்போதும் ஆறாத இடம் ஒன்று இருக்கிறது. 1989-ல் புதிய அதிபர் பிரேமதாசா படையைத் திரும்பிப் போகச் சொன்னார், இந்தியா இழுத்தடித்தது, அவர் என்ன செய்தார் தெரியுமா, புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தார். யாரைப் பிரித்து வைக்கப் போனோமோ அந்த இரண்டு பேரும் சேர்ந்து நடுவில் நின்றவரை வெளியே தள்ளினார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைக்கு இதைவிடப் பொருத்தம் வேறு இல்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. படை திரும்பிய மூன்று மாதத்தில் அங்கே அடுத்த போர் தொடங்கிவிட்டது. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர். மொழி தெரிந்த நாடு, பக்கத்து வீட்டுக்காரர்கள், பாதிச் சனமாவது விரும்பி வரவேற்ற படை. அதற்கே இதுதான் முடிவென்றால், மொழி தெரியாமல் ஆறாயிரம் மைல் தாண்டிப் போகிறவர்களுக்கு என்ன தைரியம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

லிபியாவைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே நடந்ததும் சுருக்கமாகத்தான் நடந்தது. 2011 மார்ச் 17-ல் ஐ.நா. பாதுகாப்பு அவை 1973-ம் எண் தீர்மானத்தைப் போட்டது, பொதுமக்களைக் காப்பாற்ற வான்வெளித் தடை என்றது. 10 நாடுகள் ஆதரவு, இந்தியா, பிரேசில், ஜெர்மனி, சீனா, ரஷ்யா ஐந்தும் ஒதுங்கி நின்றன. சீக்கிரமே காப்பாற்றும் வேலை ஆட்சி கவிழ்க்கும் வேலையானது, அக்டோபர் 20-ல் லிபியாவை ஆண்டுவந்த கடாபி கொல்லப்பட்டார், மாத முடிவில் நேட்டோ மூட்டை கட்டிவிட்டது. வாரண்டி 11 நாள். அதன் பிறகு இரண்டு அரசு, ஏகப்பட்ட ஆயுதக் குழு, அங்கிருந்து கிளம்பிய ஆயுதமும் ஆட்களும் 2012-ல் மாலி நாட்டைப் புரட்டிப் போட்டன. அடுத்து என்ன என்று திட்டமிடாததுதான் தன் பதவிக்காலத்தின் மிகப் பெரிய தவறாக இருக்கலாம் என்று ஒபாமாவே 2016-ல் சொன்னார். இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, கடாபி 2003 டிசம்பரிலேயே தன் பேரழிவு ஆயுதத் திட்டத்தைத் தானாகக் கைவிட்டவர். அவருக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த வட கொரியா, அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டவன் கதி இதுதான் என்று அன்றிலிருந்து சொல்லி வருகிறது. ஒரு வீட்டில் செய்த ரிப்பேரின் செலவு நாலு தெரு தள்ளி இப்படி ஏறுகிறது.

விதிமுறைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தவர்களும் உண்டு, குறைவு. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டன என்று சொல்லி வியட்நாமில் படையை இறக்க அனுமதி கேட்டார்கள். கீழவையில் 416-க்கு 0. மேலவையில் 88-க்கு 2. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பின்னால் அமெரிக்க அரசின் ஆவணங்களிலேயே வெளிவந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ரூனிங் இருவருமே 1968 தேர்தலில் பதவி இழந்தார்கள். 2001-ல் ஆப்கான் போருக்கான அனுமதிக்குக் கீழவையில் எதிராக விழுந்த ஒரே ஓட்டு பார்பரா லீயுடையது, அவருக்குக் கொலை மிரட்டலே வந்தது. சரியாகக் கணித்தவருக்கு வேலை போகிறது, தப்பாகக் கணித்தவர் டிவி விவாதத்தில் நிபுணராக வந்து உட்காருகிறார்.

இனி எதிர்த்தரப்பு. நல்ல ரிவ்யூக்களும் உண்டு, மறைத்தால் நான் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்பீர்கள். 1979 ஜனவரியில், ஆட்சியில் இருந்த கெமர் ரூஜ் கொலைகாரர்களை கம்போடியாவிலிருந்து விரட்டியது வியட்நாம் படை. அதே வருடம் உகாண்டாவின் இடி அமீனை விரட்டியது தான்சானியா. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் இந்தியா. மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: எல்லை தாண்டி வந்த அடி. வியட்நாம் கிராமங்களில் கெமர் ரூஜ் புகுந்து கொன்றது, இடி அமீன் தான்சானியாவின் ஒரு பகுதியையே பிடித்தார், இந்தியாவுக்குள் ஏறத்தாழ 1 கோடி அகதிகள் வந்திருந்தார்கள். எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து 'அங்கே ஜனநாயகம் போதவில்லை' என்று கண்டுபிடித்துப் போனவர்கள் இல்லை இவர்கள். இன்னொரு வேடிக்கை, மனித உரிமைக்காகத் தலையிட வேண்டும் என்று இன்று வகுப்பெடுக்கும் நாடுகள் அன்று வியட்நாமைத்தான் தண்டித்தன, விரட்டப்பட்ட கெமர் ரூஜுக்கே ஐ.நா. இருக்கையைப் பல வருடம் பிடித்துக் கொடுத்தன. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்கு எந்த ஆடு என்பதும் முக்கியம்போல.

ருவாண்டா, 1994. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை, இருக்கிறது என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். சுமார் 100 நாளில் இனப்படுகொலையில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. படை ஏற்கெனவே அங்கே இருந்தது, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையின் பேரில் வந்தது. அதன் தளபதி டலேர் கூடுதல் வீரர்களைக் கேட்டார், பாதுகாப்பு அவை ஏப்ரல் 21-ல் இருந்தவர்களையும் 270 ஆகக் குறைத்தது. அதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. கொலை நடக்கிற வாசலில் ஏற்கெனவே நிற்கிற காவல்காரரைத் திரும்பக் கூப்பிடுவதற்குத் தலையிடாமை என்று பெயர் வைக்கவும் மாட்டேன். ஆனால் ருவாண்டாவில் அதுவரை யாரும் கை வைக்கவே இல்லை என்பதுபோல் பேசுவதும் பொய். கொலைக் கும்பலோடு கைகோத்து நின்ற அந்த ராணுவத்துக்கு முந்தைய வருடங்களில் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது பிரான்ஸ். கணக்கை ஏப்ரலில் ஆரம்பித்தால் உலகம் சும்மா இருந்ததாகத் தெரியும், 1990-ல் ஆரம்பித்தால் வேறு மாதிரி தெரியும்.

மாற்றுச் சேவையான தலையிடாமையையும் இரண்டு வார்த்தை விமர்சித்துவிடுகிறேன். பழைய சரக்கு, புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1792-ல் பிரான்ஸ் தன் புரட்சியைப் படை அனுப்பிப் பக்கத்து நாடுகளுக்கும் கொடுக்கத் துடித்தபோது, ஆயுதம் ஏந்தி வரும் மிஷனரிகளை யாருக்கும் பிடிக்காது என்று எச்சரித்தவர் அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ரோபஸ்பியர், அவர் ஒன்றும் சாது இல்லை. 1821-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், அமெரிக்கா அரக்கர்களைத் தேடி அழிக்க வெளியே போவதில்லை என்றும், போனால் உலகத்தையே ஆட்டிப் படைக்கலாம், ஆனால் தன் மனம் தன் வசத்தில் இருக்காது என்றும் பேசினார். 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் கையெழுத்திட்ட பஞ்சசீலத்தில் மூன்றாவது அம்சமே உள்விவகாரங்களில் தலையிடாமை. எட்டு வருடத்தில் இரண்டும் போரில். ஆக, இந்தச் சரக்கிலும் ஓட்டை இருக்கிறது. காகிதத்தில் ஒப்புக்கொள்வார்கள், சமயம் வந்தால் மறப்பார்கள். சொந்த மக்களை வதைக்கிற ஒவ்வொரு சர்வாதிகாரியும் 'இது எங்கள் உள்விவகாரம்' என்று இதன் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறான், அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனாலும் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அகதி வந்தால் திறக்கலாம், கொடுங்கோலனுக்கு ஆயுதம் விற்காமல் இருக்கலாம் (அதிகம் பேசுகிற நாடுகளுக்கு இதுதான் கசக்கிறது), அல்ஜீரியா போல நடுவில் உட்காரலாம், வியாபாரம் செய்யலாம். வியட்நாமைக் கம்யூனிசத்திலிருந்து காப்பாற்றுகிறேன் என்று போன அமெரிக்கா 58,000-க்கு மேற்பட்ட சொந்த வீரர்களையும், அதைப்போல எத்தனையோ மடங்கு வியட்நாமியர்களையும் காவு கொடுத்துத் தோற்றுத் திரும்பியது. 1995-ல் தூதரக உறவு தொடங்கியது, 2023-ல் அந்த நாடு தன்னிடம் இருக்கிற உறவுகளிலேயே மிக உயர்ந்த அந்தஸ்தை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. ஆட்சியில் அதே கம்யூனிஸ்ட் கட்சிதான்.

அந்த ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, இந்தியா நினைத்திருந்தால் அங்கேயே முகாம் போட்டு, ஆலோசகர்களை உட்கார வைத்து, அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்து, சீருடைக்குத் துணி முதற்கொண்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லவும் ஆட்கள் இருந்திருப்பார்கள். 1972 மார்ச்சில், மூன்று மாதம் முடிவதற்குள், புதிதாகப் பிறந்த வங்கதேசத்தின் பிரதமர் முஜிபுர் ரஹ்மான் மரியாதையை ஏற்க டாக்கா மைதானத்தில் ஒரு வழியனுப்பு அணிவகுப்பு நடந்தது. அது முடிந்ததும் படை வீட்டுக்குப் போய்விட்டது. நட்சத்திரம் அந்த அணிவகுப்புக்கு.